பதினைந்துக்குக் குறைந்தால் அனுப்ப மாட்டார்கள்

ஏப்ரல் முதல் வாரத்தில் பெர்னிஸ் என்ற கோழி நாலு கோல்ஃப் பந்துகளின் மேல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. முட்டையிடும் இடம் இதுதான் என்று இளங்கோழிகளுக்குக் காட்டுவதற்காக ஆர்லிஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்த பந்துகள் அவை. வெளியே வேலியோரம் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. பெர்னிஸ் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. மார்பிலிருந்த இறகைத் தானே பிடுங்கிப் போட்டு மெத்தை செய்துகொண்டது. யாராவது கையை நீட்டினால் உடம்பைத் தட்டையாகப் பரப்பிக்கொண்டு உறுமியது.

மற்ற வருஷங்களாக இருந்தால் ஆர்லிஸ் அதைத் தூக்கிக் கம்பிவலைக் கூண்டில் போட்டிருப்பாள். அடியிலும் வலைதான். செங்கல் வைத்துக் கூண்டை உயர்த்திவிட்டால் வயிற்றுக்குக் கீழே காற்று ஓடும், சூடு தணியும், மூன்று நாளில் அடை தெளிந்துவிடும். அவள் ஊரான ஸ்கார்விக்கில் வீட்டுக்கு வளர்ந்த கோழி ஆறு வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது என்று நகரசபைச் சட்டம். சேவல் இல்லாத ஊரில் ஒரு கோழி இருபத்தொரு நாள் பட்டினி கிடந்து அடை காப்பதைப்போல வீண் வேலை வேறு இல்லை.

இந்த வருஷம் அவள் விட்டுவிட்டாள். ஏப்ரல் இருபத்தைந்து வாக்கில் பண்ணையிலிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் தபாலில் வரவேண்டும். அதுவரை பெர்னிஸ் உட்கார்ந்திருந்தால் குஞ்சுகளை அதன் அடியில் நழுவவிட்டுவிடலாம், விளக்கு போட்டுச் சூடு காட்டவேண்டிய தொல்லை மிச்சம். தினம் காலையில் பள்ளிக்கூடத்துச் சமையலறை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அதைப் பெட்டியிலிருந்து தூக்கி வெளியே விடுவாள். தின்று, குடித்து, நாற்றமடிக்க ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் பந்துகளிடம் ஓடிவிடும். "உன்னை மாதிரி ஒரு மடச்சியை நான் பார்த்ததில்லை" என்று ஆர்லிஸ் அதனிடம் சொல்வாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தவள். அப்பா போய் ஏழு வருஷமாகிறது. வாரநாட்களில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் ஒற்றைத் தட்டைக் கழுவுகிற வாழ்க்கை.

குஞ்சுகள் பதினைந்துக்குக் குறைந்தால் பண்ணைக்காரர்கள் அனுப்ப மாட்டார்கள். பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்தான் வழியில் உயிரோடு இருக்கும். தனி மனுஷிக்கு நாலு குஞ்சு போதும். நாலு கேட்டால் கிடைக்காது. அதனால் ராய்ஸ் வருகிறவரைக்கும் அவள் யாராவது கழித்துவிட்ட கிழட்டுக் கோழிகளைத்தான் வாங்கி வளர்த்தாள்.

ராய்ஸ் ஃபான்டனோ தெற்குக் கோடியிலிருக்கும் லூசியானாக்காரன். மனைவி இறந்தபிறகு பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் வேலை கிடைத்து, ஆறு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டில் வாடகைக்கு வந்தான். வந்த முதல் மாதமே ஒரு தட்டு நிறைய கம்போ என்கிற தன் ஊர்க் கோழிக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வாசலில் நின்று, "சாப்பிடறியா?" என்று கேட்டான். "ஐயோ, வேண்டாம்" என்றாள் ஆர்லிஸ். "சரி" என்று சொல்லிவிட்டு, தட்டோடு திரும்பிப் போய் அவனே சாப்பிட்டுவிட்டான். கோழியும் மிளகும் மணக்க மணக்க அவள் வாசலிலேயே நின்றாள். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை.

பிறகு பேச்சு வந்தபோது அவளே விளக்கவேண்டியிருந்தது. "ஒரு தடவை கேட்டா வேண்டாம்பாங்க. ரெண்டாவது தடவையும் வேண்டாம்பாங்க. மூணாவது தடவை கேட்டாத்தான் நெசமாக் கேக்கறீங்கன்னு அர்த்தம்."

"அதுவரைக்கும் சோறு ஆறிப்போகாதா?"

"ஆறினா என்ன? மறுபடி சுட வச்சுக்கறது."

அன்றிலிருந்து அவன், "காபி? காபி? காபி?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பான். அவள் சிரித்துக்கொண்டு உட்காருவாள். குஞ்சுகளைப் பங்கு போட்டுக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. நாலு அவளுக்கு, நாலு அவனுக்கு. மிச்சத்தையும், வயதாகிப்போன கோழிகளையும், அவளோடு சமையலறையில் வேலை பார்க்கும் ஜாய்லீனின் அண்ணன் தன் பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

இருபத்தைந்தாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்குத் தபாலாபீசிலிருந்து போன் வந்தது. பெட்டி கத்திக்கொண்டே இருக்கிறது, சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். ராய்ஸ் வண்டியை எடுத்தான். திரும்பும்போது பெட்டி ஆர்லிஸின் மடியில் இருந்தது. உள்ளேயிருந்து கீச்கீச்சென்ற சத்தமும் கதகதப்பும் பாவாடை வழியாக அவள் தொடைக்கு இறங்கின.

"நேத்து என் தங்கச்சி போன் பண்ணினா" என்றான் ராய்ஸ். "மச்சான் போனதிலேர்ந்து அவளால ஊர்ல வீட்டைத் தனியாப் பாத்துக்க முடியல. நான் மே மாசம் கிளம்பறேன். ஆலையிலயும் சொல்லிட்டேன்."

"ஓ" என்றாள் ஆர்லிஸ். கொஞ்ச தூரம் போனபிறகு, "நல்லதுதான். அவங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள்.

தானியக் கிடங்கைத் தாண்டி வண்டி திரும்பியது. அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீயும் வாயேன், ஆர்லிஸ்."

பெட்டியின் ஓட்டை ஒன்றில் ஒரு சின்ன அலகு வெளியே வந்து உள்ளே போனது. அவள் அதையே பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டதில் பெட்டியே ஆடுகிறது என்று பயந்தாள்.

"ஐயோ, வேண்டாம்" என்றாள். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

அவன் தலையை ஆட்டினான். ஒன்று ஆயிற்று என்று அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். அவளைப் பெற்றவள் அப்படித்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள், பெற்றவளைப் பெற்றவளும் அப்படித்தான். முதல் தடவையே சரி என்று பாய்ந்து விழுகிற பெண்ணை ஸ்கார்விக்கில் யாரும் பார்த்ததில்லை.

அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாள், பகல் முழுக்கக் குஞ்சுகளோடு வேலை சரியாக இருந்தது. பதினைந்தோடு பண்ணைக்காரர்கள் இனாமாகப் போட்ட கறுப்புக் குஞ்சு ஒன்றும் சேர்ந்து பதினாறு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அலகைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டு, இதுதான் தண்ணீர் என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். மூன்று குஞ்சுகளுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, பிய்த்து எடுக்காமல் ஊறவைத்துத் துடைத்தாள். இழுத்தால் தோலோடு வந்துவிடும், விட்டால் அடைத்தே செத்துப்போகும். இந்த வேலையில் அவளுக்கு நிகர் அவள்தான்.

பொழுது சாய்ந்தபிறகு கோழிக்கூண்டுக்குப் போனார்கள். இதைப் பகலில் செய்யக்கூடாது. கண் தெரிந்தால் கோழி, இது என்னுடையது இல்லை என்று குஞ்சின் மண்டையிலேயே கொத்திவிடும். ராய்ஸ் டார்ச் விளக்கை விரல்களால் மூடிப் பிடித்தான். ஆர்லிஸ் ஒரு கையில் குஞ்சைப் பொத்தி, பெர்னிஸின் வயிற்றுக்கடியில் விட்டு, அதே கையால் ஒரு கோல்ஃப் பந்தை வெளியே உருட்டினாள். பெர்னிஸ் உறுமியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பெர்னிஸ் தலையைச் சாய்த்தது. பிறகு அதன் தொண்டையிலிருந்து இதுவரை கேட்காத ஒரு சத்தம், தாழ்ந்து, அடக்கமாக, க்ளக், க்ளக் என்று வந்தது.

"ஏத்துக்கிச்சு" என்றான் ராய்ஸ் கிசுகிசுப்பாக.

இரண்டிரண்டாக மற்றதையும் விட்டார்கள். கடைசிக் குஞ்சும் போனபிறகு பெர்னிஸ் ஒரு பெரிய தலையணை அளவுக்கு உப்பியிருந்தது. ராய்ஸ் நகரவில்லை.

"காலையில நான் கேட்டது சும்மா பேச்சுக்கு இல்ல" என்றான். "நெசமாத்தான் கேட்டேன். அங்க போனா சாயங்காலம் நான் யாரோட பேசறது? தங்கச்சி ஏழு மணிக்கே தூங்கிடுவா. நீ வந்துடு, ஆர்லிஸ்."

அவளுக்குக் கண் கலங்கியது. இருட்டில் தெரியாது என்று விட்டுவிட்டாள். வாழ்நாளில் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. அதனாலேயே இன்னும் ஒழுங்காக, இன்னும் முறையாக நடந்துகொள்ளவேண்டும் என்று தோன்றியது.

"ஒரு மாசத்துல நான் உங்களுக்கு அலுத்துப்போயிடுவேன்" என்றாள். "வேண்டாம், விடுங்க."

அவன் டார்ச்சை அவள் கையில் கொடுத்தான். "சரி" என்று சொல்லிவிட்டு, வேலிக் கதவைத் திறந்து தன் வீட்டுக்குப் போனான். ஆர்லிஸ் தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இரண்டு ஆகிவிட்டது.

அடுத்த மூன்று வாரம் அவள் நடந்துகொண்டதை நினைத்தால் யாருக்கும் எரிச்சல் வரும், அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். மூன்றாவது தடவை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆயத்தமாக இருக்க ஆரம்பித்தாள். ஐந்து பெரிய கோழிகளையும் ஜாய்லீனின் அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். பெர்னிஸும் குஞ்சுகளும் கொஞ்சம் தேறினால் அவற்றையும் அனுப்பிவிடலாம். ஃபிரீசரில் இருந்ததையெல்லாம் சமைத்துக் காலி செய்தாள். உஷ்ணப் பிரதேசத்துக்கு ஆகுமென்று இரண்டு பருத்திச் சட்டைகள் வாங்கி, விலைச் சீட்டைக் கிழிக்காமல் அலமாரியில் மாட்டினாள். கிழித்தால் அவசரப்பட்டதாகிவிடும் என்று ஒரு கூச்சம்.

ராய்ஸ் வழக்கம்போல வந்தான். குஞ்சுகளைப் பார்த்தான். தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி? காபி? காபி? என்றான். தங்கச்சி வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசினான். அவள் ஒவ்வொரு தடவையும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. கிளம்பும்போது கேட்பான் என்று முடிவு செய்தாள். பெரிய விஷயமெல்லாம் வாசலில் நின்றுகொண்டு பேசுவதுதானே வழக்கம்.

மே பதினேழு, சனிக்கிழமை. வண்டியின் பின்னால் சரக்குப் பெட்டியை மாட்டி நிறுத்திவிட்டு, அவளுடைய கேக் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தான். சமையலறையில் அரை மணி நேரம், வாசலில் அரை மணி நேரம், வண்டிக் கதவருகே இன்னொரு அரை மணி நேரம் நின்றார்கள். மழை, பீட் விதைப்பு, அவன் விட்டுப்போகிற தீவன மூட்டை என்று எல்லாம் பேசினார்கள். அவன் வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினான். அவள் கதவின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி, ஆர்லிஸ்."

"சரி." சொல்ல வேறு என்னவெல்லாமோ இருந்தது. வெளியே வந்தது இதுதான்: "மான் குறுக்க வரும். பாத்துப் போங்க."

"பாத்துப் போறேன்" என்றான். கையை எடுத்துக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

திங்கட்கிழமை சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஜாய்லீனிடம் சொன்னாள்.

ஜாய்லீன் கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு தடவையோட விட்டுட்டானா?"

"ரெண்டு தடவைதான்."

"என்ன மனுஷன்டீ அவன்! ஒரு டோனட்டுக்கே எங்க வீட்டுக்காரர் மூணு தடவை கேப்பாரு. ஆறு வருஷம் இங்க இருந்தும் புத்தி வரலியே."

"காபிக்கெல்லாம் ஒழுங்காத்தான் கேப்பாரு."

"அப்ப வேணும்னேதான் கேக்கல" என்று தீர்ப்பு சொன்னாள் ஜாய்லீன். "போனதே நல்லது. விட்டுத்தள்ளு."

இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். திட்டத் திட்ட ஆர்லிஸுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு அந்தத் தெம்பு ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் இருட்டாக இருந்தது. ஆறு வருஷமாக அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவியிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் மூடியது. பேச ஆளில்லாத நாட்கள் சேர்ந்து வந்தன. சில நாள் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டு, கோழியைக் கூப்பிடும்போது தன் குரலே கரகரப்பாக இருப்பதைக் கேட்டுத் திடுக்கிடுவாள். குஞ்சுகளை அனுப்ப மனசு வரவில்லை. பெர்னிஸ் அவற்றை முற்றத்தில் மேய்த்தது. புழுவைக் கண்டால் தான் தின்னாமல் கூப்பிட்டுக் காட்டியது. பருந்து நிழல் விழுந்தால் பதினாறும் அதன் இறக்கைக்குள் பாயும். இப்போதெல்லாம் இடம் போதாமல் பாதிக் குஞ்சுகளின் பின்பக்கம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை, முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், பெர்னிஸ் குஞ்சுகளைக் கொத்தித் துரத்தியது. நேற்றுவரை ஊட்டிய வாய். அன்று பக்கத்தில் வந்த ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு கொத்து. அது வழக்கம்தான். தாய்க்கோழி இனி முட்டையிடப் போகிறது, இவை பிழைத்துக்கொள்ளும். பல தடவை பார்த்தவள்தான் ஆர்லிஸ். இருந்தும் அந்தக் குஞ்சுகள் வேலி மூலையில் ஒன்றாகக் குவிந்து, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் கத்திக்கொண்டிருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் கேட்காமல் போனானே என்று அழுதாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆகாதா என்று தன்னை நினைத்தும் அழுதாள்.

ஜூலை நடுவில் அந்தக் கறுப்புக் குஞ்சு கூவியது. கழுத்தை நீட்டி, துருப்பிடித்த கீல் போலக் கிறீச்சிட்டுவிட்டு, தானே பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தது. சேவல். நகரசபைக்காரன் வந்து நிற்பதற்கு முன் வழி செய்யவேண்டும். இத்தனை வருஷம் தப்பி வந்த சேவல்களையெல்லாம் ராய்ஸ்தான் பிடித்துக்கொண்டு போவான். ஜாய்லீனின் அண்ணனைக் கூப்பிட்டால் அடுத்த அரை மணியில் ஆள் வந்துவிடும். அது ஆர்லிஸுக்கு நன்றாகத் தெரியும். அவள் லூசியானாவுக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கறுப்பு, சேவலாப் போயிடுச்சு" என்றாள்.

"அப்பவே நினைச்சேன்" என்றான் ராய்ஸ். அவன் குரலைக் கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "காலப் பாத்தாலே தெரிஞ்சுது. கூவுதா?"

"கூவுதுன்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு."

அவன் சிரித்தான். சேவலைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார்கள். பெர்னிஸ் முட்டையிடுகிறதா என்று கேட்டான். கூரையை மாற்றிவிட்டதாகச் சொன்னான். அவன் பக்கம் ஏதோ பூச்சிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன.

"நீங்க மூணாவது தடவை கேக்கவே இல்லையே" என்றாள் ஆர்லிஸ். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"காபிக்கு மூணு தடவை கேப்பேன். சோத்துக்குக் கேப்பேன்" என்றான். "ஒரு பொம்பளைகிட்ட ரெண்டு தடவை கேட்டு, அவ ரெண்டு தடவையும் வேண்டாம்னு சொன்னப்புறம் மறுபடியும் போய் நிக்கிறவன எங்க ஊர்ல மனுஷனா மதிக்க மாட்டாங்க, ஆர்லிஸ். விடுங்கன்னு சொன்ன. விட்டுட்டேன்."

"இப்பக் கேளுங்க."

"மாட்டேன்."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் தனக்கென்று அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

"அப்ப நான் கேக்கறேன்" என்றாள். "நான் அங்க வரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்" என்றான் ராய்ஸ். "உனக்கு எதுக்கு வீண் சிரமம்."

அவள் சொன்ன அதே வார்த்தைகள். கேலி செய்கிறானா? காதை அழுத்திக்கொண்டு கேட்டாள். குரலில் சிரிப்பு இல்லை.

"சிரமமெல்லாம் இல்ல. நான் வரட்டுமா?"

"இங்க வெயிலும் கொசுவும் கொஞ்ச நஞ்சமில்ல. உனக்கு ஒத்துக்காது. இருக்கட்டும், விடு."

நிஜமாகவே வேண்டாம் என்கிறானா, முறைக்குச் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அன்று அந்த மனுஷன் இப்படி ஒரு 'விடு'வை வாங்கிக்கொண்டுதான், 'சரி' என்று டார்ச்சைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வாளியின்மேல் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவன் தன் வீட்டு இருட்டில் போய் நின்றிருப்பான். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. போனை வைத்துவிட்டால் போதும், மேற்கொண்டு அவமானமில்லை. நாற்காலி எட்டாத தூரத்தில் இருந்ததால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து, மூன்றாவது தடவையும் கேட்டாள்.